செமினரிக்கு எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்த செய்தி

என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அந்த வேலையை விட்டுவிட்டுப் போதகர் ஆகப் படிக்கப் போகிறேன் என்று ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். காங்கேயத்துக்கு அப்பால் ஒரு சின்ன லுத்தரன் செமினரி, அதாவது இறையியல் கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டது. குடும்பத்தோடு தங்க வீடு தருவார்கள். ஆனால் அதற்கு முன் மனைவி ஒரு சனி, ஞாயிறு வந்து தங்கிப் பார்க்க வேண்டுமாம். படிக்கப் போவது அவர், நான் எதற்கு? என் சந்தேகம் அங்கேயே ஆரம்பித்தது.

2007 பிப்ரவரி கடைசியில் போனோம். அவருக்கு ஷிப்மென்ட் நெருக்கடி என்பதால் நானும் மகள் நித்தியும் மட்டும். இதே மாதிரி அழைப்பு வந்து முழித்துக்கொண்டிருக்கும் பெண்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பாப்பா தூங்கிய பிறகு தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை 9.40க்குத் தனியார் பஸ். காங்கேயம் 27 கிலோமீட்டர், ஒன்பது ரூபாய், ஐம்பது நிமிடம். இறங்கியதுமே கொப்பரை வாசனை. அங்கிருந்து டவுன் பஸ் மூன்று ரூபாய், எட்டு கிலோமீட்டர். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா, "பாப்பா பேச மாட்டீங்களா சாமி?" என்று நித்தியின் கன்னத்தைத் தொட்டார். "தூக்கக் கலக்கம்" என்றேன். நான் வழக்கமாகச் சொல்லும் பொய் அது. நித்திக்கு இருபத்திரண்டு மாதம். காது நன்றாகக் கேட்கிறது, ஆனால் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வயது வரை பொறுங்கள் என்றார் டாக்டர். அவருக்கும் எங்கள் இருவருக்கும் தவிர இது யாருக்கும் தெரியாது. விருதுநகரில் இருக்கும் என் அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

செமினரி வாசலில் எஸ்தர் அக்கா காத்திருந்தார். மூன்றாம் வருட மாணவரின் மனைவி, இந்தப் பக்கத்து ஊர்க்காரர். "வாங்க ஐயரம்மா, வாங்க!" என்று சிரித்தார். எங்கள் சபையில் போதகரின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இன்னும் அட்மிஷனே போடலக்கா."

"போட்ட மாதிரிதானுங்க. ஊடெல்லாம் கூட்டிக் கழுவி வச்சாச்சு."

வீடு இரண்டு அறை, பின்னால் ஒரு வேப்பமரம். கதவு நிலையில் பழைய குருத்தோலைச் சிலுவை ஒன்று செருகியிருந்தது. முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டேன். "இருந்தாங்க, போயிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து காட்டப் போய்விட்டார். படிப்பு முடிந்து போனார்களா? "இல்லீங்க" என்று குழாயை மூடினார்.

மதியச் சாப்பாட்டுக்குள் நித்தியை ஏழெட்டுப் பேர் தூக்கிவிட்டார்கள். எல்லாரும் ஒரே மாதிரி, "அம்மா சொல்லு கண்ணு, அம்மா" என்று அவள் வாயையே பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த மற்றக் குழந்தைகளிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அன்பு என்றே வைத்துக்கொண்டாலும் எல்லாருக்கும் ஒரே கேள்வியா?

பதில் சாயங்காலம் கிடைத்தது. வளாகத்துச் சின்ன ஆலயமான சேப்பலில் தினமும் பாட்டு முடிந்ததும் ஒரு மாணவர் எழுந்து வளாகச் செய்திகளைச் சொல்வார். போர் மோட்டார் ரிப்பேர் ஆகிவிட்டது, ஒரு மாணவரின் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அதே குரலில், "நம்ம கேம்பஸுக்கு வரப்போற பாப்பா நித்தி இன்னும் பேசல. இன்னைக்கு நம்மகூடவே இருக்கறா, அவளுக்காக..." என்றார். நாற்பது தலைகள் குனிந்தன. நான் நித்தியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

எஸ்தர் அக்கா பின்னாலேயே ஓடி வந்தார்.

"யாருக்கா சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தானுங்க. இன்டர்வியூவுல ஜெப விசயம் ஏதாச்சும் இருக்குதுங்களான்னு கேப்பாங்க. ஒரு மாசமா தினமும் பண்றமுங்க."

ஒரு மாதமாக! "அந்தக் காலி வீட்டுக்காரங்களுக்கு என்ன ஜெபம் பண்ணீங்க?"

அக்கா சேப்பல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அவிங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. ரெண்டு வருசம் தினமும் சொன்னோம். நல்ல மனசோடதான் சொன்னோமுங்க. அந்தப் பொண்ணு சேப்பலுக்கு வர்றதையே நிறுத்திருச்சு. அப்பறம் படிப்பைப் பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க."

அக்காவையே துணைக்குக் கூட்டிக்கொண்டு செமினரி முதல்வர் வீட்டுக்குப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே புரியாமல், "ஏனுங்கம்மா, ஜெபம் பண்றது தப்புங்களா?" என்றார்.

"தப்பில்லைங்கய்யா. ஆனா என் பிள்ளை முகத்தப் பாக்கிறதுக்கு முன்னாடியே, அவளுக்குப் பேச்சு வரலன்னு நாப்பது பேருக்குத் தெரிஞ்சிருக்கு. இங்க வளந்தா அதுதானே அவளுக்குப் பேரா நிக்கும்? அவர் சொல்லியிருக்கலாம், என்னை யாரும் கேக்கலையே?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சொல்லாம பண்ணட்டுங்களா?" என்றார்.

"எனக்குக் கேக்காம பண்ணிக்கோங்கய்யா."

வெளியே வந்ததும் எஸ்தர் அக்கா, "ஐயாவுக்கே உத்தரவு போட்டாச்சு. நீங்க ஐயரம்மாவேதான் போங்க!" என்று என் முதுகில் தட்டினார்.

ஞாயிறு ஆராதனையில் அதே மாணவர் எழுந்தார். மோட்டாரைச் சொன்னார், மாமனாரைச் சொன்னார், அப்புறம் நின்றுவிட்டார். அந்த மௌனம் தேவைக்கு மேல் நீண்டது. அதற்குள் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாதா? சரி, பண்ணிக்கொள்ளட்டும் என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்து நித்தி பெஞ்சைத் தட்டிக்கொண்டு சத்தமாக ஏதோ கத்தினாள். வார்த்தை இல்லை, வெறும் சத்தம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். காங்கேயத்திலிருந்து டவுன் பஸ் மணிக்கு ஒன்றுதான், ஞாயிறு மதியம் அதுவும் சந்தேகம். பால் பவுடர் எடுத்துப் போங்கள். செல்போன் சிக்னல் சேப்பல் படியில் மட்டும்தான் கிடைக்கும், அங்கே நின்று பேசினால் எல்லாருக்கும் கேட்கும். காட்டும் வீடு காலியாக இருந்தால், முன்பு இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று பதில் வரும்வரை கேளுங்கள். முக்கியமாக, இன்டர்வியூவில் என்னென்ன சொன்னார் என்று கணவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நான் திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு, "அது ஒண்ணுதான்" என்றார். ஜூனில் குடி போகிறோம். அது ஒன்றுதானா என்று சேப்பலில் தெரிந்துவிடும்.