ஒரு மூடி மருந்து

சாட்டிக் கடற்கரையிலிருந்து சரவணைக்கு நாங்கள் மூன்று பேரும் நடந்துகொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. எங்களைக் கொண்டுவந்து இறக்கிய ஆட்டோக்காரரை அப்பா, "நீர் போம், நாங்கள் கொழும்பு ஐயாவின்ரை வாகனத்திலை வருவம்" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கொழும்பு ஐயாவின் வாகனம் எங்களை ஏற்றாமலேயே போய்விட்டது.

சித்தப்பா முன்னால் போனார். அப்பா பின்னால் வந்தார். நடுவில் நான், தலையில் படகை வைத்துக்கொண்டு நடந்தேன். ஆள் ஏறுகிற படகு அல்ல; என் கை நீளத்தைவிடச் சற்றுக் கூடிய, ரிமோட்டில் ஓடுகிற சின்னப் படகு. அதற்குள் போயிருந்த கடல்தண்ணீர் ஒவ்வொரு அடிக்கும் என் கழுத்தில் ஒழுகியது. எனக்கு அப்போது பதினாலு வயது. இவர்கள் இருவரோடும் இனிமேல் கதைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

சித்தப்பா பிரான்சிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அங்கே நெடுங்காலம் இருந்தும் அவருக்கு விசா கொடுக்கவில்லை. பந்தயப் படகுகளுக்குப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் களவாக வேலை செய்திருக்கிறார். அவர் வந்த அன்று சூட்கேஸைச் சுற்றி வீடு முழுதும் கூடி நின்றது. சொக்கிலேட்டும் சென்ற் போத்தலும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது ஒரு சுருள் கறுப்புத் துணி, ரெசின் பிசினும் அதற்கான ஹார்ட்னருமாக இரண்டு போத்தல்கள், சின்னத் தராசு ஒன்று.

அம்மா துணியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "இதென்ன தம்பி, சட்டைக்கும் ஆகாது, பாவாடைக்கும் ஆகாது."

"காபன் பைபர், அண்ணி. ரெசினிலை ஊறவைச்சு இறுக விட்டா இரும்பை விடப் பலம்."

"நல்ல நாளும் அதுவுமா கறுப்புத் துணியோடை வந்து நிக்கிறீர்" என்று சொல்லிவிட்டு அம்மா குசினிக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கும் ரெசின் புதிதல்ல. வீட்டு வளவின் பின்பக்கத்தில் அவருடைய கொட்டில் இருந்தது. மீன்பிடிக்கிற பைபர் படகுகள் வெடித்தால், உடைந்தால் அங்கேதான் வரும். ரெசினை வாளியில் ஊற்றி, அது இறுகுவதற்கு ஹார்ட்னர் விடுவார். அதற்கு அவர் வைத்த பெயர் மருந்து. போத்தல் மூடிதான் அளவு. மப்பு மந்தாரமென்றால் ஒரு மூடி கூட. வெயிலென்றால் குறைய. படகுக்காரர் நாளைக்கே தொழிலுக்குப் போகவேண்டும் என்று வந்து நின்றால் இன்னொரு மூடி. அப்பா மருந்து விட்டுக் காயாமல் போன படகு தீவகத்தில் இல்லை.

சித்தப்பா கொண்டுவந்த ரெசின் வேறு சாதி. அதற்கு மருந்தை நிறுத்துத்தான் போடவேண்டும். கூடினால் கெதியாகக் காயும் என்ற கதை அங்கே இல்லை. கூடினாலும் பழுது, குறைந்தாலும் பழுது; சரியாக இறுகாது. சித்தப்பா மூச்சை அடக்கிக்கொண்டு தராசைப் பார்ப்பார். அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்ன தட்டாரே, பொன் நிறுக்கிறீரோ?" என்று கேட்பார். சித்தப்பா சிரிப்பார். தராசிலிருந்து கண்ணை எடுக்கமாட்டார்.

அந்தச் சின்னப் படகின் உருவை அச்சாக அவர் முருக்கங்கட்டையில் செதுக்கினார். அடிப்பாகத்தை அப்பாவின் கொட்டிலில் மிஞ்சிய சாதாரணப் பைபரிலேயே செய்தார். சுக்கானுக்கும், தண்ணீரைத் தள்ளுகிற காற்றாடியின் தண்டைத் தாங்குகிற காலுக்கும், மேல்தட்டுக்கும் மட்டும்தான் காபன். துணியை நேராக வெட்டமாட்டார். கோணமாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றை மாற்றி அடுக்கினால்தான் சுக்கான் முறுகாது என்று எனக்குக் காட்டித் தந்தார். ரெசினைத் தூரிகையால் இழுக்கக்கூடாது, ஒற்றவேண்டும். பிறகு அச்சோடு சேர்த்துப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து, பழைய பிரிட்ஜ் ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டரால் உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சுவார். பை சுருங்கி, நனைந்த சட்டை உடம்பில் ஒட்டுவதுபோல அச்சில் ஒட்டும். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்த மோட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்த நேரம் அதிகம்.

கொழும்பில் ரிமோட் படகுகளும் ட்ரோன்களும் செய்து விற்கும் ஒருவர் இருந்தார். சித்தப்பா அவருக்குத் தன் வேலைகளைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அவர் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் வருவதாகவும், புதன்கிழமை படகை ஓட்டிப் பார்த்துப் பிடித்தால் சித்தப்பாவைத் தன் பட்டறைக்கு எடுப்பதாகவும் சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைக்கவேண்டும் என்று சித்தப்பாவைவிட அப்பாதான் அதிகம் தவித்தார். சித்தப்பா மறுபடியும் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரோடு கதைக்கத் தொடங்கியிருந்தார். முதல்முறை போனபோது அவரை வழியில் ஏதோ ஒரு காட்டில் விட்டுவிட்டார்கள். ஆள் இருக்கிறதா இல்லையா என்று பல மாதம் எங்களுக்குத் தெரியாது. அந்த மாதங்களில் அப்பா முகம் வழிக்கவில்லை. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தது அவர்தான். படிப்பை விட்டு ரெசின் வாளி தூக்கியதும் அதற்குத்தான். இவை எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிகள். தெரிந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை பின்னேரம் சித்தப்பா கடைசிப் பாகங்களைச் செய்ய உட்கார்ந்தார். ரெசினை நிறுத்து, மருந்தையும் நிறுத்து ஊற்றிக் கலக்கத் தொடங்கியபோது ஃபோன் அடித்தது. எங்கள் வளவில் வாசல் படலையடியில் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காக வரும். குச்சியை என்னிடம் தந்து, "நீ கலக்கிக்கொண்டிரு" என்று ஓடினார்.

படலையடியிலிருந்து அவர் குரல் கேட்டது. "நாளைக்கோ? புதன்கிழமை எண்டல்லோ சொன்னனீங்கள்? ஓம்... ஓம், ஏலும். அதுக்கிடையிலை காஞ்சிடும்."

கொட்டிலில் அப்பா படகு தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வந்தார். கோப்பையைப் பார்த்தார். படலையைப் பார்த்தார். சித்தப்பாவின் மருந்துப் போத்தலைத் திறந்து, மூடி நிறைய ஊற்றி, கோப்பைக்குள் கவிழ்த்தார்.

"அப்பா, சித்தப்பா நிறுத்து விட்டவர்."

"நிறுக்கட்டும். நாளைக்கு ஆக்கள் வருகினம். நல்லாக் கலக்கு."

அவர் திரும்பிப் போக, தேய்க்கிற சத்தம் மறுபடி தொடங்கியது. சித்தப்பா ஓடிவந்து கோப்பையைப் பறித்தார். நான் வாயைத் திறந்தேன். "இப்ப கதைக்காதை, நேரமில்லை" என்றார். பிறகு அச்சு, துணி, பை, மோட்டர் என்று எல்லாம் அவசரத்தில் நடந்தது.

அடுத்த நாள் காலையில் பாகங்களை அச்சிலிருந்து கழற்றினார். சுக்கான் கறுத்து மினுங்கியது. நன்றாக வந்துவிட்டது என்று நான் நினைத்தேன். சித்தப்பா பெருவிரல் நகத்தால் அதை அழுத்தினார். நகம் பதிந்தது. மருந்துப் போத்தலைத் தராசில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பா ஒரு மூடி விட்டவர்" என்றேன். "நாளைக்கு ஆக்கள் வருகினமெண்டு."

அவர் தலையாட்டினார். இனிச் சண்டை வரும் என்று காத்திருந்தேன். அவரோ பாகங்களைத் தூக்கித் தகரக் கூரையில், வெயிலில் வைத்தார். துணி முடிந்துபோயிருந்தது. கொழும்புக்காரர் அன்றிரவே திரும்புகிறவர், வேறு வழியில்லை. வெளுத்த வேட்டியும் திருநீறுமாக வந்த அப்பா, "என்னடா, காஞ்சுதோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை, காஞ்சிட்டுது."

சாட்டியில் பங்குனிக் கடல் அசையாமல் கிடந்தது. கொழும்புக்காரர் தொப்பி போட்ட, மெதுவாகக் கதைக்கிற மனிதர். படகின் அடியைத் தடவிப் பார்த்து, "வடிவாச் செய்திருக்கிறீர்" என்றார். அப்பா எனக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார். சித்தப்பா படகைத் தண்ணீரில் விட்டார். அது நேராகப் போனபோது, தண்ணீரைத் தொடுகிறதா இல்லையா என்று தெரியாதபடி போனது. குளிக்க வந்த பெடியள் கூவினார்கள். திருப்பினார். சுக்கான் முறுகிக் கொடுத்தது. படகு ஒரு வட்டம் அடித்து, மூக்கைக் குத்தி, மேல்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நின்றது.

நான் நீந்திப் போய்ப் படகை இழுத்து வந்தேன். கொழும்புக்காரர் சுக்கானை இரண்டு விரலால் வளைத்தார். தோல் செருப்புப்போல வளைந்தது.

"ஹார்ட்னர் கூடிப்போச்சு. நீர் அளந்துதானே விட்டனீர்?"

"சித்தப்பா நிறுத்துத்தான்..." என்று நான் தொடங்கினேன்.

"மேல்தட்டு மிதந்து போகுது. ஓடிப்போய் எடு" என்றார் சித்தப்பா.

போகத்தான் வேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போது பின்னால் அவர் குரல் கேட்டது. "தராசைப் பிழையாப் பாத்திட்டன், ஐயா."

நான் திரும்பி வந்தபோது கொழும்புக்காரர் தொப்பியைக் கழற்றியிருந்தார். "கைவேலை நல்லம்தான் தம்பி. ஆனா எங்கடை தொழில் முழுக்க அளவிலைதான் இருக்கு" என்றார். அதைச் சொல்ல அவருக்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கைகொடுத்துவிட்டு வாகனத்தில் ஏறினார்.

அப்படித்தான் நாங்கள் நடக்க நேர்ந்தது. பாதிவழியில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"அந்தாள் மருந்து கூடிப்போச்சு எண்டது விசர்க்கதை. மருந்து கூடினா ஏன்ரா இளகப்போகுது? நானும் ஒரு மூடி விட்டுப் பாத்தனான், அதுக்கும் காயேல்லை. நீ கொண்டுவந்த சாமான்தான் சரியில்லை."

சித்தப்பா நடையை நிறுத்தவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. "ஓம் அண்ணை" என்றார். "சாமான் பழசு. திகதி முடிஞ்சது போலை."

"அதைத்தான் சொல்லுறன்."

"நீங்கள் விட்டபடியாத்தான் அவ்வளவெண்டாலும் இறுகினது."

அப்பாவின் நடையில் ஒரு தெம்பு வந்தது. படகின் பாரம் திடீரென்று என்னால் தாங்கமுடியாமல் போனது. காலையில் ஒரு பொய், கடற்கரையில் ஒரு பொய், வழியில் இன்னொன்று. உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான். என்னைத் தண்ணீருக்குள் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் சித்தப்பாவை மறித்தேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்? உங்களுக்கு வேலை கிடைச்சிருக்கும்."

அவர் ஒரு வாளி தண்ணீர் அள்ளி என் தலையில் ஊற்றினார். "உப்பு காயப்போகுது. நல்லாத் தேய்ச்சுக் குளி" என்றார். அவ்வளவுதான்.

அதன் பிறகு சித்தப்பா அப்பாவின் கொட்டிலில் வேலை செய்தார் என்று கேள்விப்பட்டேன். மூடியால்தான் அளந்தாராம். ஏஜென்சிக்காரரின் பேச்சும் நின்றுபோனதாம். வெளிநாட்டுச் சாமானை நம்பக்கூடாது என்று அப்பா இன்றைக்கும் படகுக்காரருக்குச் சொல்கிறார். சித்தப்பா பக்கத்தில் நின்று தலையாட்டுகிறார். இதையெல்லாம் நான் வேறு ஊர்களில் இருந்துதான் அறிந்தேன்.

ஏனென்றால் அடுத்த நாள், திங்கட்கிழமை காலையில், பள்ளிக்கூடச் சட்டையோடு குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அங்கே நயினாதீவுக்குப் போகிற படகொன்றில் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் படகோட்டி ஏசிக்கொண்டு நின்றார். நான் வரட்டுமா என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடம் போகேல்லையே?"

"வீட்டிலை எல்லாரும் பொய் சொல்லுகினம்."

"களவெடுக்கச் சொல்லுற பொய்யோ?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை. ஒருத்தருக்கொருத்தர் நோகாமல் சொல்லுற பொய்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, படகில் ஏறியிருந்த சனம் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "அப்பிடியொரு வீட்டை விட்டிட்டே வந்தனி?" என்று கயிற்றை என் பக்கம் எறிந்தார்.

என்னைப் பகிடி பண்ணுகிறார் என்று அப்போது நினைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன்.