அத்தான் நிப்பாட்டாத சுவிட்ச்

லண்டன் மோர்டனில் எங்கள் தெருவில் கனகலிங்கம் வீடு எது என்று கேட்டால் எங்கள் ஆட்களே ஒரு நிமிடம் யோசிப்பார்கள். 'சுவிட்ச் கனகலிங்கம்' என்று கேட்டால் கையைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். அவர் என் அத்தான், என் அக்கா தவநாயகியைக் கட்டியவர். மனிதர் கணக்காளர். குரோய்டனில் நல்ல உத்தியோகம், அதிர்ந்து பேசாத வாய். ஒரேயொரு வியாதிதான் அவருக்கு. வீட்டை விட்டு வெளிக்கிடுமுன் வீட்டிலுள்ள அத்தனை சுவிட்சையும் நிறுத்தியாக வேண்டும்.

அத்தனை என்றால் அத்தனையும்தான். நானும் அக்காவும் சப்பாத்தும் கோட்டும் போட்டு வாசலில் விறைத்துப்போய் நிற்போம். அத்தான் மேல்மாடியில் தொடங்கி அறை அறையாக இறங்கி வருவார். ஒவ்வொரு சுவிட்சையும் தட்டி நிறுத்துவார், பிறகு அதை விரலால் தொட்டுப் பார்ப்பார், பிறகு ஒரு அடி பின்னால் நின்று அதையே பார்ப்பார். கதவைப் பூட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்து பஸ் தரிப்புவரை வந்தபின் "அயர்ன் பொக்ஸ்?" என்று முணுமுணுத்துக்கொண்டு திரும்பி ஓடுவார். அன்று முழுக்க அயர்ன் பொக்ஸ் அலுமாரியை விட்டே வெளியே வந்திருக்காது. மோர்டன் பஸ்களின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒருமுறை கனடாவில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். அத்தான் பிரிஜ்ஜையும் நிறுத்திவிட்டு வந்திருந்தார். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு இசபெல் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கள் வீட்டுக்குள் யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று கவுன்சிலுக்குச் சொல்லத் தயாராக நின்றாள். செத்துக் கிடந்தது அரை மூட்டை மீன். அதற்குப் பிறகு அக்கா காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை எடுத்துப் பிரிஜ்ஜின் சுவிட்சுக்கு மேல் ஒட்டிவிட்டாள். படித்த மனிதருக்குச் சொல்லி விளங்காததை ஒரு துண்டு பிளாஸ்டர் விளங்கப்படுத்தியது.

இனி அக்காவின் கதை. கொழும்பில் அவள் மனையியல் டீச்சர். வெள்ளை ஏப்ரன் கட்டிய பெட்டைகள் வரிசையாக நிற்க, கேக்குக்கு மாவும் சீனியும் நிறுத்துப் போடப் பழக்கியவள். லண்டன் அந்தப் படிப்புக்குப் பொருத்தமான ஒரு வேலை கொடுத்தது. சட்டனில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகளுக்கான ஒரு முதியோர் இல்லத்தில் வெங்காயம் உரிப்பதும் தட்டுக் கழுவுவதும். உலகத்தில் பாதியைக் கட்டி ஆண்ட கர்னல்மாரும் மேஜர்மாரும் இப்போது சூப்பைக் கழுத்துத் துணியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தத் துணியைக் கழுவும் பாக்கியமும் அக்காவுக்குத்தான். அங்கே தலைமைச் சமையல்காரி ஒருத்தி இருந்தாள். அவள் கரட்டை அவித்தால் கரட்டுக்கே தான் யாரென்று மறந்துபோகும். ஆனாலும் அக்காவை அவள் அடுப்புப் பக்கம் அண்டவிட்டதில்லை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு குளிர்காலம் தொடங்கும்போது அந்த அம்மா ஓய்வுபெறப்போவதாகச் செய்தி வந்தது. அக்கா அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். இல்லத்தை நடத்தும் மேட்ரன் அவளைக் கூப்பிட்டு, உனக்குக் கறி சமைக்கத் தெரியும் என்பது தெரியும், எங்கள் கிழவர்களின் சாப்பாடு சமைப்பாயா என்று கேட்டாள். கர்னல்மாருக்குக் குளிர்காலம் என்றால் மான் இறைச்சி ஸ்டூ வேண்டுமாம். யாரோ ஒரு பிரபுவின் காட்டிலிருந்து வருடா வருடம் இல்லத்துக்கு மான் இறைச்சிப் பார்சல் வருமாம். அதில் ஒரு பெரிய தோள் துண்டை மேட்ரன் அக்காவிடம் கொடுத்து, வீட்டில் செய்து வருகிற திங்கள் விட்டு அடுத்த திங்கள் கொண்டுவா, கிழவர்கள் சாப்பிட்டால் வேலை உனக்கு என்று சொல்லிவிட்டாள்.

அன்று அக்கா வீட்டுக்கு வந்து கோட்டைக் கூடக் கழற்றவில்லை. "மலர், எனக்கு உந்த வேலை வேணும்" என்றாள். "இன்னொருத்தி கெடுத்த சட்டியைக் கழுவிக்கொண்டு நிக்க எனக்கு இனி ஏலாது." அக்கா எதையும் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

இசபெல் ஸ்கொட்லாந்துக்காரி. மான் இறைச்சியோடு வளர்ந்தவள். தோள் இறைச்சியை அவசரப்படுத்தினால் கயிறாகப் போய்விடும், பிரெஷர் குக்கர் பக்கமே கொண்டுபோகாதே என்று சொல்லித் தன்னுடைய ஸ்லோ குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். களிமண் சட்டியை மின்சாரப் பாத்திரத்துக்குள் இறக்கிவைத்த ஒரு சாமான் அது. காலையில் இறைச்சியை மாவில் பிரட்டி வதக்கி, கரட், வெங்காயம், செலரி, கொஞ்சம் சிவப்பு வைன் எல்லாம் சேர்த்து மூடிவைத்துவிட்டு நீ உன் வேலைக்குப் போகலாம், பொழுதுபடும்போது சட்டி தன் வேலையை முடித்திருக்கும் என்றாள். இரண்டே இரண்டு சட்டம். மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் சூடு போய்விடும். சுவிட்சை நிறுத்தக் கூடாது. உலகத்தில் எத்தனையோ வீடு இருக்க, அந்த இரண்டாவது சட்டம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அக்கா டீச்சர் அல்லவா? இறைச்சியை இரண்டு பங்காக்கினாள். ஒரு பங்கு முதல் ஞாயிறு பழகிப் பார்க்க, மற்றது பரீட்சைக்கு. முதல் ஞாயிறு சட்டனில் ஒரு பிள்ளை வயதுக்கு வந்த சாமத்தியச் சடங்கு, மூன்று பேரும் போக வேண்டும். காலையில் சட்டியை வைத்துவிட்டு அக்கா அத்தானிடம் நேரே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, இண்டைக்கு இதை மட்டும் நிப்பாட்டாதேங்கோ."

"ஓம், ஓம். எனக்கென்ன விசரோ?" என்றார் அத்தான்.

பைத்தியமா என்ற அந்தக் கேள்விக்கு நான் அன்றே பதில் சொல்லியிருப்பேன். சண்டை வந்தால் சேலை கசங்கும் என்று விட்டுவிட்டேன்.

பொழுதுபட வந்து கதவைத் திறந்தோம். ஒரு வாசனையும் இல்லை. அக்கா சட்டியைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் வைனில் மிதந்துகொண்டு இறைச்சி காலையில் வதக்கிப் போட்டபடியே விறைத்து எங்களைப் பார்த்தது. சுவரில் சுவிட்ச் நிறுத்தியபடி மேலே நின்றது. அத்தான் அதைப் பார்த்தார், தன் வலது கையைப் பார்த்தார். சத்தியமாகத் தனக்கு ஞாபகமே இல்லை என்றார். அக்கா சொன்னதைக் கேட்டது காது. நிறுத்தியது கை. இரண்டுக்கும் இடையில் போக்குவரத்து இல்லை.

அக்கா ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் இறைச்சியைப் பையில் கொட்டிக் கட்டிக் குப்பையில் போட்டாள். பிறகு சிங்குக்கு முன்னால் நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அழுதாள். அத்தான் கதவு நிலையில் சாய்ந்து நின்று "தவம், தவம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டாலும் தகும் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறுதான் மிச்சமிருந்த ஒரே நாள். அக்காவுக்கு இல்லத்தில் ஷிப்ட். எனக்குப் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். அத்தானுக்கு அதைவிடப் பெரிய அலுவல் ஒன்று இருந்தது. அவருடைய கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளை ஆண்டுக் கூட்டம். எத்தனையோ வருடமாகப் பொருளாளர், செயலாளர் என்று கதிரை அடுக்கி, மண்டபம் கூட்டி, இந்த முறை அவர்தான் தலைவர் என்று எல்லோரும் வாயால் சொல்லியாகிவிட்டது. தலைவர் என்றால் சும்மாவா? வருடத்தில் ஒருநாள் குத்துவிளக்கு ஏற்றலாம், பொன்னாடை போர்க்கப்படலாம், மைக்கை யார் கேட்டாலும் கொடுக்காமல் பிடித்திருக்கலாம். அத்தான் பேச்சை எழுதிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிக்கொண்டிருந்தார். குருமூர்த்தி என்ற கூட்டாளி காரில் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அக்கா விடிய எழும்பிச் சட்டியை வைத்தாள். சுவிட்சுக்கு மேல் பிளாஸ்டரைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள்.  நானும் அவளும் வேலைக்குப் போய்விட்டோம்.

பின்னேரம் இருவரும் பஸ்ஸால் இறங்கி வரும்போது குசினியில் வெளிச்சம் தெரிந்தது. அக்கா ஓடினாள். உள்ளே அத்தான் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு ஸ்லோ குக்கருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். ஒரு கை மூடிக்கு மேல் இருந்தது. சட்டியைச் சுற்றி மெல்லிய வாசனை எழும்பியிருந்தது.

"கூட்டத்துக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன்.

"வாசல்வரை போனனான்" என்றார்.

நடந்தது இதுதான். குருமூர்த்தி வந்து ஹோர்ன் அடித்திருக்கிறார். அத்தானால் சுவிட்சை நிறுத்தவும் முடியவில்லை, நிறுத்தாமல் கதவைப் பூட்டவும் முடியவில்லை. காத்துக் காத்து அலுத்த குருமூர்த்தி உள்ளே வந்து, என்ன வாசம் என்று கேட்டு மூடியில் கையை வைத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்குச் சட்டி என்று ஒன்று இருப்பதே திறந்து பார்க்கத்தானே. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கி, "உப்புக் காணாது" என்று சொன்னால்தான் வந்தவர் வந்த கணக்கு. வாழ்நாளில் ஈயைக் கூட விரட்டியறியாத என் அத்தான் குருமூர்த்தியின் கையில் ஒரு அடி போட்டிருக்கிறார். குருமூர்த்தி கையைத் தடவிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் தானே வேகும் என்று சொல்லி விற்கிற சட்டிக்கு, ஒரு பட்டயக் கணக்காளர் பகல் முழுக்கக் காவல் இருந்திருக்கிறார்.

"அத்தான், பிளாஸ்டர் ஒட்டிக் கிடக்கு. பேசாமல் போயிருக்கலாம்தானே?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த நக்கல் எனக்கே கேட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"அண்டைக்கு வெள்ளவத்தையில அடுப்பில உலை இருந்தது, தவம். மதிலால பாஞ்சு போகேக்க அதை நிப்பாட்டினனோ இல்லையோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

எண்பத்துமூன்று ஜூலைக் கலவரத்தில் கொழும்பில் அந்த வீட்டில் நானும் இருந்தேன். பெற்றோல் கானோடு வந்தவர்களை இந்தக் கண்ணால் கண்டேன். எங்கள் ஒழுங்கையில் அன்று எங்கள் வீட்டோடு சேர்த்து எட்டு வீடு எரிந்தது. ஒரு ஊரே திரண்டுவந்து கொளுத்திய வீட்டுக்கு, இந்த மனிதர் ஆறு வருடமாகத் தன் அடுப்பில் பழியைப் போட்டுக்கொண்டு லண்டனில் சுவிட்ச் சுவிட்சாகத் தட்டித் திரிந்திருக்கிறார்.   

அக்கா அவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "உலையை நான்தான் இறக்கி வைச்சனான்" என்றாள். அவள் இறக்கினாளோ இல்லையோ எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை ஸ்டூ சட்டனுக்குப் போனது. அக்கா இரகசியமாக ஒரு கரண்டி யாழ்ப்பாணத்துக் கறித்தூளைப் போட்டாள், வெள்ளைக்காரர் சொக்கிப்போய் எழும்பி நின்று ஆடினார்கள் என்று நான் சொல்வேனென எதிர்பார்த்தால் ஏமாந்து போவீர்கள். உப்பும் மிளகும்தான் போட்டாள். அளந்து போட்டாள். இறைச்சி கரண்டியால் தொட்டதும் பிரிந்தது. பல்லில்லாத ஒரு கர்னல் இரண்டாம் தரம் தட்டை நீட்டினாராம். இன்னொருவர் இது யார் சமைத்தது என்று கேட்டு, அக்காவைப் பார்த்து, திரும்பவும் யார் சமைத்தது என்று கேட்டாராம். மேட்ரன் அன்றைக்கே வேலையைக் கொடுத்துவிட்டாள்.

தலைவர் பதவி குருமூர்த்திக்குக் கிடைத்தது. வேறு யாருக்குக் கிடைக்கும்? கனகலிங்கம் பெண்சாதியின் சட்டிக்குக் காவல் இருக்கிறார் என்று குருமூர்த்தி மேடையில் சொல்ல, மண்டபம் சிரித்துச் சிரித்தே அவரைத் தெரிவுசெய்ததாம். அத்தானின் பேச்சு அதற்குப் பிறகு கோட்டுப் பையிலேயே கிடந்து சலவைக்குப் போனது.

அடுத்த வருடக் கூட்டத்தன்று அக்காவிடம் சொந்தமாக ஒரு ஸ்லோ குக்கர் இருந்தது. புதுச் சம்பளத்தில் வாங்கியது. காலையில் மான் இறைச்சியை வைத்துவிட்டு, "இண்டைக்கு மூண்டு பேருமாப் போறம்" என்றாள். இந்த முறை பிளாஸ்டர் ஒட்டவில்லை. அத்தான் மேல்மாடியில் தொடங்கி வழக்கம்போல இறங்கி வந்தார். குசினியில் ஸ்லோ குக்கர் சுவிட்சுக்கு முன்னால் நின்றார். கை எழும்பியது. அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தான் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அவர் கூட்டத்துக்குப் போனார் என்று சொல்வது சரியல்ல. அவருடைய உடம்பு போனது. நவம்பர் குளிரில் அவர் நெற்றி வியர்த்தது. தலைவர் தெரிவில் யாருக்குக் கை தூக்குகிறார் என்று தெரியாமல் குருமூர்த்திக்கே கை தூக்கினார். திரும்பி வரும்போது பஸ் நிற்குமுன் இறங்கி, கோட்டு பறக்க எங்களுக்கு முன்னால் ஓடினார். ஐம்பது வயது மனிதர் அப்படி ஓடுவதைப் பார்த்து இசபெல் ஜன்னல் சீலையை விலக்கினாள்.

நாங்கள் உள்ளே போனபோது அவர் சப்பாத்தோடு நடையில் நின்றார். மூச்சு வாங்கியது. வீடு முழுக்க இறைச்சி வாசம்.

"வீடு இருக்கு, தவம்" என்றார்.

"ஓம்" என்றாள் அக்கா. "போய் உப்புப் பாருங்கோ."