கால் கழுவி வாங்கிய பெட்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் தங்கை விட்டுவிட்டுப் போன பிள்ளை. ஐந்து பேரும் கோப்பாயில் இந்தத் தோட்டத்துக் கத்தரிக்காயும் கீரையும் தின்றுதான் வளர்ந்தார்கள். சந்தைக்கு மரக்கறி விற்கப் போயிருக்கிறேன். வாங்கப் போனதில்லை, ஒருநாளும். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் என் வீட்டு வாசல் படலையடியில் ஒரு மரக்கறிப் பெட்டி வந்து இறங்கியபோது எனக்கு எப்படி இருந்தது என்று விளங்கும்.

பெட்டிக்கு ஒழுங்கு செய்தவள் மூத்த மகள். கனடாவில் இருக்கிறாள். இந்த வருடம் மாசியில் நான் தோட்டத்தில் விழுந்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

எங்கள் கிணறு நான்கு வீட்டுக்குப் பங்கு. ஒவ்வொருவருக்கும் இறைக்கிற முறை இருக்கிறது. என் முறை செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் காலையில். முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரை பயிர் வாடவேண்டியதுதான். முன்பின்னாகத் தாருங்கள் என்று ஒருவரிடமும் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. மோட்டர் தண்ணீரை வாய்க்காலில் விடும். ஒரு பாத்தி நிரம்பியதும் அதன் வாயை அடைத்து அடுத்த பாத்திக்கு வெட்டிவிட வேண்டும். அப்படி வெட்டும்போது வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்தது.

அன்றே மூத்தவள் போன் எடுத்தாள்.

"அம்மா, தோட்டம் செய்தது காணும். இனித் தோட்டத்துக்குள்ளை இறங்கப்படாது. இறங்கினியள் எண்டு கேள்விப்பட்டன் எண்டால், காணியைக் குத்தகைக்குக் குடுத்துப்போட்டு உங்களைக் கொழும்புக்கு அனுப்புவன். நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

"ஓம்" என்றேன். கையில் கட்டுப் போட்டிருந்தது. வேறு என்ன சொல்ல?

கொழும்பில் இருப்பது சின்ன மகள். நல்ல பிள்ளை. ஆனால் வீடு நான்காம் மாடி. அங்கே மண் என்று இருப்பது ஒரு பூச்சட்டிக்குள் மட்டும். அதிலும் ஒரு கற்றாழை நிற்கிறது.

என்னிடம் வாக்கு வாங்கின கையோடு மூத்தவள் பெட்டிக்கும் சொல்லிவிட்டாள். அச்சுவேலிப் பக்கம் ஒரு பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும், அந்தந்தப் பருவத்தில் விளைகிறதைத் தோட்டக்காரரிடம் சேர்த்து, மட்டைப் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகள்தான் அதிகம். பெட்டியைக் கையில் தந்ததும் ஒரு படம் எடுப்பாள். அந்தப் படம் உடனே கனடாவுக்குப் போய்விடும். எனக்கு அவள் வருவது சனிக்கிழமை ஒன்பது மணிக்கு.

முதல் பெட்டியில் பயிற்றங்காய், பூசணிக்கீற்று, வல்லாரை, கொஞ்சம் மரவள்ளிக்கிழங்கு இருந்தன. குறை சொல்ல முடியாது. ஆனால் கத்தரிக்காயைக் காம்பு ஒட்ட முறித்திருந்தார்கள். நான் ஒரு விரல் காம்பு விட்டுக் கத்தியால் வெட்டுவேன். அப்படி வெட்டினால் மூன்று நாள் வாடாது.

கையில் கட்டு அவிழ்த்த கிழமையே நான் தோட்டத்துக்குள் இறங்கிவிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை, இறங்கினேன். ஆறு பாத்தி கத்தரி, இரண்டு பாத்தி கீரை. அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமைப் படத்திலேயே மூத்தவள் பிடித்துவிட்டாள்.

"அம்மா, உதென்ன காலிலை செம்மண்?"

"வாசல் முத்தம் கூட்டினனான்."

"எங்கடை முத்தத்திலை வெள்ளை மணல் எல்லோ?"

பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் என் மகள் அல்லவா. "வேலியடியிலை ஆடு வந்து நிண்டது, கலைக்கப் போனனான்" என்று ஒரு ஆட்டைக் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் ஆறு மணிக்கு மோட்டர் போட்டால் எட்டரைக்கு நிறுத்திவிடுவேன். தேங்காய்த் தும்பால் கால் தேய்த்து, நகக்கண் வரை கழுவி, சேலை மாற்றி, ஒன்பதுக்குப் படலையடியில் நிற்பேன். வெள்ளை மணலில் வெள்ளைக் கால். மோட்டர் போட்டுத் தருகிற பக்கத்துத் தோட்டக்காரர், கிணற்றில் அவரும் ஒரு பங்கு, என்னைக் கண்டால் சும்மா போகமாட்டார்.

"என்ன அக்கா, இண்டைக்கும் மாப்பிள்ளை வீட்டார் வருகினமோ?"

"உமக்கென்ன, உம்மடை முறையைப் பாரும்."

அவர் சிரித்துக்கொண்டு போவார். அவருக்கு என்னைப் பற்றி இன்னொன்றும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்படியே ஆடி மாதம் வரை பிடிபடாமல் ஓடியது. பிறகு நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறியது. அடுத்து வந்த சனிக்கிழமை காலையில் கரண்ட் இல்லை. ஆறு போய், ஏழு போய், எட்டரைக்குத்தான் வந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டரைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார். விட்டுவிட்டு நானும் போயிருக்கலாம். ஆனால் அந்த வெயிலில் செவ்வாய் வரை கத்தரி தாங்காது. ஒரு பாத்தியாவது பாயட்டும் என்று நின்றேன். ஒன்று இரண்டாகி, நாலாகிவிட்டது.

நாலாவது பாத்தியில் எலி துளைத்த வரம்பு உடைந்தது. தண்ணீர் சுழித்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஒழுங்கைப் பாதைப் பக்கம் ஓடியது. மண் வெட்டிப் போட்டு அடைப்போம் என்று வலது காலை வைத்தேன். முழங்காலுக்குக் கிட்டவரை இறங்கிவிட்டது. இழுத்தேன், வரவில்லை. மண்வெட்டியை ஊன்றி இழுத்தேன். மண்வெட்டியும் இறங்கியது. உடைந்து பொருந்திய மணிக்கட்டு நடுங்கத் தொடங்கியது. பிடி வழுக்கினால் முகம் குப்புறத்தான் விழவேண்டும்.

அப்போதுதான் படலை திறக்கிற சத்தம் கேட்டது.

"அம்மா! அம்மோய்!"

ஓம் பிள்ளை, இங்கை வா என்று கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் அவள் வேறு யாருடனோ கதைப்பது கேட்டது.

"அம்மாவைக் காணேல்லை அக்கா. நில்லுங்கோ, போனை வையாதேங்கோ, பின்பக்கம் பாக்கிறன்."

அதற்குப் பதில் சொன்னது என் மகளின் குரல். திருவிழாக் காலம், அம்மாவை நேரே பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு வீடியோவில் வந்திருக்கிறாள்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

கூப்பிட்டால் மகளுக்குக் கேட்கும். கூப்பிடாவிட்டால் கை விட்டுவிடும். சேலைத்தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். மோட்டர் இரைந்துகொண்டிருந்தது. தண்ணீர் என் காலைச் சுற்றி மண்ணை அரித்து இன்னும் பள்ளமாக்கியது.

பெட்டியை ஒரு இடுப்பிலும் போனை மற்றக் கையிலுமாக அந்தப் பிள்ளை வாழையடியைத் தாண்டி வந்தாள். என்னைக் கண்டாள். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். வேண்டாம் என்றேனா, வா என்றேனா, எனக்கே தெரியாது.

"என்ன சத்தம் அது? மோட்டரோ?" என்றாள் மகள்.

பிள்ளை போனைத் தன் முகத்துக்குக் கிட்டப் பிடித்தாள்.

"ஓம் அக்கா, அம்மா குளிக்கிறா. உங்கை நேரம் போச்சு எல்லோ, நீங்கள் படுங்கோ. நான் பேந்து படம் அனுப்பிறன்."

போனைக் கட்பண்ணினாள். பெட்டியை வாழையடியில் போட்டாள். செருப்போடு பாத்திக்குள் பாய்ந்து என் அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தாள். கால் வந்தது, என் செருப்பு வரவில்லை. இரண்டு பேரும் வரம்பில் இருந்து மூச்சு வாங்கினோம். அவளுடைய நல்ல சுடிதார் இடுப்புவரை செம்மண்.

"உங்களுக்கு விசரே அம்மா? நான் உங்களுக்காகப் பொய் சொல்லிப்போட்டன். நான் ஒரு அரை மணித்தியாலம் பிந்தி வந்திருந்தால்?"

"வந்திட்டாய்தானே."

"உதுக்குக் குறைச்சல் இல்லை!"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. கோபம்தான் வந்தது, காலின் மேல். மோட்டரை நிறுத்தச் சொன்னேன். நிறுத்திவிட்டு வந்தவள் அப்போதுதான் பாத்திகளை வடிவாகப் பார்த்தாள். காயின் பாரத்தில் கிளைகள் நிலத்தில் கிடந்தன.

"திருவிழா எண்டு எல்லா வீட்டிலையும் மச்சம் மாமிசம் இல்லாத காலம். கத்தரிக்காய்க்கு நான் நாயா அலையிறன். நீங்கள் இதுக்குள்ளை இவ்வளவையும் வைச்சுக்கொண்டு என்னட்டைப் பெட்டி வாங்கிறியள்."

"நான் எங்கை வாங்கிறன்? என்ரை தலையிலை கட்டுகினம்."

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். ஒரு ஓலைக் கடகம் நிறைய வெட்டிக் கொடுத்தேன். அவள் யோசித்துத்தான் வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை என் பெட்டியில் என் கத்தரிக்காயே வந்தது. ஒரு விரல் காம்பு. கால் கழுவி, சேலை மாற்றி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் போனது. சற்று நேரத்தில் மகள் எடுத்தாள்.

"அம்மா, என்ன வடிவான கத்தரிக்காய்! எங்கடை தோட்டத்திலை முந்தி உப்பிடித்தான் காய்ச்சது, என்ன?"

முந்தி. அந்தச் சொல்லை அவள் ஆசையாகத்தான் சொன்னாள். எனக்கு நெஞ்சில் ஏறிக் குந்திவிட்டது. அது எங்கடை தோட்டத்துக் காய்தான் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் "ஓம், நல்ல காய்" என்றேன்.

பெட்டிக்காரப் பிள்ளை போகாமல் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இந்தப் படம் எடுக்க எனக்குக் கை கூசுது. அவா என்னை நம்பித்தான் உங்களைப் பாக்கச் சொன்னவா. அடுத்த சனிக்கு முன்னம் நீங்கள் சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

"வெருட்டுறியோ?"

"ஓம், வெருட்டுறன்."

வேறு யாரும் இப்படிக் கேட்டிருந்தால் படலையைச் சாத்தியிருப்பேன். இவள் எனக்காக இடுப்புவரை சேறானவள்.

போனில் சொல்ல என்னால் முடியாது. நான் ஒரு சொல் சொல்ல மகள் பத்துச் சொல் சொல்வாள். அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தேன். நாலு நாளாக எழுதுகிறேன்.

பிறகு சொல்கிறேன் என்றது இதுதான். மாசியில் விழுந்தவுடன் எழும்பிவிட்டேன் என்று ஐந்து பேருக்கும் சொன்னேன். எழும்பவில்லை. அடுத்த முறைக்காரர், அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்தான், என் நேரம் முடிந்தும் மோட்டர் ஓடுகிறதே என்று தேடி வருமட்டும் வாய்க்காலுக்குள் கிடந்தேன். ஒரு காதுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்ப முடியவில்லை. கத்தினேன், மோட்டர் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. வெளியே சொல்லக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். மூத்தவள் பயந்தது வீண்பயம் இல்லை. அவளுக்குத் தெரிந்ததை விடக் கூடவே நடந்தது.

ஆகையால் தண்ணீர் கட்டுகிற வேலையைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் விட்டுவிட்டேன். செவ்வாயும் சனியும் அவர் கட்டுவார். நான் வரம்பில் கதிரை போட்டு இருப்பேன். குறை சொல்வேன், அதை அவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். புல்லுப் பிடுங்குவதும் காய் வெட்டுவதும் என் வேலை. காணியைக் குத்தகைக்குக் கொடுக்கத்தான் வேண்டுமென்றால், குத்தகைக்காரி நான் இருக்கிறேன். கொழும்புக்குப் போகமாட்டேன். கற்றாழைக்கு என் கை வேண்டாம்.

நாளைக்குச் சனிக்கிழமை. பெட்டி வரும்போது படலையடிக்கு வரமாட்டேன். கத்தரிப் பாத்தியில் நிற்பேன், கால் கழுவாமல். படத்தை அங்கே வந்து எடுக்கட்டும். அதற்கு முன் மூத்தவள் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

வாசித்துக் காட்ட, சின்ன மகளின் பிள்ளை திருவிழாவுக்கென்று கொழும்பிலிருந்து நேற்று வந்திருக்கிறாள். போனில் வாசிக்க முன்னம் எனக்கு ஒருக்கால் வாசிக்கட்டும்.

"பிள்ளை, இங்காலை வா. பெரியம்மாவுக்குப் போன் எடுக்க முன்னம் இதை எனக்கு வாசிச்சுக் காட்டு. எழுத்துப் பிழையைப் பாத்துச் சிரிக்கப்படாது. ஒண்டையும் விழுங்கவும் கூடாது. வாய்க்காலுக்குள்ளை கிடந்த இடம் வந்தால் நிப்பாட்டாதை, வாசிச்சுக்கொண்டு போ. ம், துவங்கு. எனக்கு எழுபத்தெட்டு வயது..."