லாரிக்குள் ஓர் இறுதிச் சுற்று

எங்கள் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போய்விடும். பள்ளிக்கூடம் போனுக்குள் குடியேறிய அந்தக் கொரோனா சமயத்தில், ஏழாம் வகுப்பில் இருந்த நானும் போனைத் தொடர்ந்து அவருடைய கன்டெய்னர் லாரிக்குள் குடியேறினேன். காலடிப்பேட்டையிலேயே அதிர்ஷ்டக்காரி நான்தான் என்பது என் கட்சி. வேறு யாருடைய வகுப்பறையில் ஹாரன் இருந்தது?

அன்று கணக்குப் போட்டியின் இறுதிச் சுற்று. ஜெயித்தால் வகுப்புக்கு ஒரு டேப்லெட், எனக்கே எனக்கு! துறைமுகத்துக்குப் போகும் லாரி வரிசையில் நின்றபடியே போட்டியில் நுழைந்தேன். மற்ற பிள்ளைகளுக்குப் பின்னால் புத்தக அலமாரியும் திரைச்சீலையும் தெரிந்தன. எனக்குப் பின்னால் அப்பாவின் லுங்கி காய்ந்துகொண்டிருந்தது.

வரிசை நகர்ந்தது. இரண்டு பக்கமும் கன்டெய்னர்கள் நெருங்கியதும் படம் அப்படியே நின்றுவிட்டது.

"நைனா, சிக்னல் பூட்ச்சு!" என்று அலறினேன்.

அப்பா வண்டியை வரிசையிலிருந்து வெளியே எடுத்து, கடல் தெரியும் வெட்டவெளியில் ஓரங்கட்டினார். சிக்னல் வந்துவிட்டது. ஆனால் வண்டியின் வால் சாலையில் நீட்டிக்கொண்டிருந்ததால், பதில் சொல்ல மைக்கைத் திறந்தபோதெல்லாம் பின்னாலிருந்து ஒரே ஹாரன். அப்பா கீழே குதித்தார்.

"இன்னா மாமு, வண்டி ரிப்பேரா?" என்றார் பின்னால் நின்ற டிரைவர்.

"இல்ல தோஸ்து. பொண்ணு பரீட்சை எழுதிக்கினு கீது. ஹாரன் அடிக்காத, நீ முன்னாடி போ."

துண்டை வீசி வீசி ஒவ்வொரு லாரியாக அனுப்பினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. எண்ணூர் சாலையே எங்கள் அப்பா பேச்சைக் கேட்கிறதே! அந்த மிதப்பில் மளமளவென்று பதில் சொன்னேன். ஜெயித்தே விட்டேன்! எட்டி ஹாரனை அழுத்தினேன், கை வலிக்கும்வரை.

"எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே நேரம். திறமைதான் ஜெயித்தது" என்றார் போட்டியை நடத்தியவர். அப்பா சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி, வரிசையின் கடைசிக்கு ஓட்டினார்.

மறுநாள் முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது. எங்கள் கன்டெய்னர் பெட்டியை ஏற்றாமலே கப்பல் போய்விட்டதாம். கப்பல்தானே, இன்னொன்று வரும் என்று நினைத்தேன்.

டேப்லெட் வீட்டுக்கு வந்தபோது அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார், அடுத்த வாரமும் இருந்தார். என் பரிசைப் பார்க்கத்தான் லீவு போட்டிருக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.