கரையாத மருந்தோடு கீழ்வேளூருக்கு

இந்த வலைப்பூவில் இதுவரை மலைக்கும் கடலுக்கும் போனதைத்தான் எழுதியிருக்கிறேன். மார்கழி பிறந்த மறுவாரம் சென்னையிலிருந்து கீழ்வேளூர்ப் பக்கம் போனது ஒரு கெட்ட செய்தி சொல்ல. சுற்றுலாவுக்காகத் தஞ்சாவூர் வழி தேடி வந்தவர்களுக்கும் பயன்படும் என்பதால் வழி விவரங்களைச் சேர்த்தே எழுதுகிறேன். பெரிய கோயிலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், ஆட்டோவில் போகும்போது கோபுரத்தைப் பார்த்ததோடு சரி.

முதலில் காரணம். கலைச்செல்வியும் நானும் ஒரே மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்கிறோம். அவள் புதுப்புது மூலக்கூறுகளைச் செய்பவள், நான் அவற்றை அளப்பவள். தண்ணீரில் எவ்வளவு கரைகிறது, கொழுப்பில் எவ்வளவு தங்குகிறது, வயிற்று அமிலத்தில் தாக்குப்பிடிக்குமா, குடல் சவ்வைத் தாண்டுமா. ஒரு மூலக்கூறு மருந்தாகலாமா என்பதற்கு ஆரம்பத்திலேயே இந்தக் கேள்விகளைக் கேட்டாக வேண்டும். பெண் பார்க்கப் போகும் இடத்தில் குறை கண்டுபிடிக்கும் அத்தை மாதிரி என்று என்னைக் கிண்டல் செய்வார்கள். அதில் பொய்யும் இல்லை.

கலை செய்துகொண்டிருந்தது யானைக்கால் நோய்க்கு. இப்போதுள்ள மாத்திரைகள் குட்டிப் புழுக்களை நன்றாகக் கொல்கின்றன, தாய்ப் புழு அவ்வளவு எளிதில் மசிவதில்லை. கலையின் மூலக்கூறு கண்ணாடித் தட்டில் தாய்ப் புழுவைக் கொன்றது. முதல் தடவை அனுப்பிய பொடி தண்ணீரில் நன்றாகவே கரைந்தது, எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். பிறகு அவள் அதை இன்னும் சுத்தமாக்கினாள். சுத்தமாக்க ஆக்க, தூள் தூளாக இருந்தது பளபளவென்று படிகமாகக் கட்டிக்கொண்டது. அந்தப் படிகம் கரையவே இல்லை. குடுவையை இரண்டு நாள் குலுக்கினேன். வடிகட்டியில் ஒட்டிக்கொள்கிறதோ என்று வடிகட்டியை மாற்றினேன். மறுபடி மறுபடி அதே விடைதான். முதலில் நான் கொடுத்த எண் அந்தப் பொடிக்கு உண்மை, இந்த எண் படிகத்துக்கு உண்மை. கடைசியில் மருந்து படிகமாகத்தான் நிற்கும். அவளுடைய கைச்சுத்தமே அவளுக்கு வினையாகிவிட்டது.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதைக் கைவிட இருந்தார்கள். கலையோ அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பில் ஊருக்குப் போனவள், விடுப்பை இரண்டு முறை நீட்டிவிட்டாள். திரும்பி வர மாட்டாள் என்று பேச்சு. இந்தச் செய்தியும் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தால் நிச்சயம் வரமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறினேன்.

காலை ஆறு மணிக்குத் தஞ்சாவூர். அங்கிருந்து நாகப்பட்டினம் போகும் பாசஞ்சர் கீழ்வேளூரில் நிற்கும் என்றார்கள், நான் காபி குடிக்கும் நேரத்தில் அது போய்விட்டது. புதிய பேருந்து நிலையம் ஸ்டேஷனிலிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் இருநூறு கேட்டார், நூற்றைம்பதுக்கு வந்தார். திருவாரூர் வரை ஒரு பஸ், சுமார் அறுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்திலேயே அடிக்கும் என்று எழுத நினைத்தேன், ஆனால் அன்று பனி மூட்டத்தில் வெயிலே இல்லை. சம்பா நெல் பால் பிடித்து நின்றது. திருவாரூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் கீழ்வேளூர், பதின்மூன்று கிலோமீட்டர். பிறகு டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

அந்த டவுன் பஸ் நாலு கிலோமீட்டர் போய் நின்றுவிட்டது. எதிரே சாலையில் ஜனம் உட்கார்ந்திருந்தது.

"மறியல்மா," என்றார் டிரைவர். "வயலுக்கு நடுவுல குழாய் பதிக்கறதுக்குக் கல்லு நட்டுட்டாங்க. கதிர் நிக்கிற வயலும்மா. தாசில்தார் வந்து பேசாம எந்திரிக்க மாட்டாங்க."

"எப்ப வருவாருங்க?"

"சாப்பிட்டுட்டுத்தானே வருவாரு. நீங்க இறங்கி நடந்துருங்க."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். பெண்கள் வரிசையில், முதல் ஆளாக, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள் கலை. பத்து வருஷமாக வெள்ளைக் கோட்டில் பார்த்த பெண்ணை நைட்டியும் மேலே துண்டுமாகப் பார்த்தேன். அவளுடைய தாத்தா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் கூலி. நில உச்சவரம்புச் சட்டத்தில் அப்பாவுக்குக் கிடைத்த இரண்டு மா நிலத்தில்தான், முக்கால் ஏக்கர்கூட வராது, ஒரு கல் நட்டிருக்கிறார்கள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைத் தொடங்குவதற்குள் அவளே கேட்டாள்.

"கரையலையாக்கா?"

"எப்படித் தெரியும்?"

"நல்ல சேதின்னா போன்லயே சொல்லியிருப்பீங்களே."

அவள் அழவில்லை, எனக்குத்தான் கண் கலங்கியது. பின்னால் இருந்த ஒருத்தி என் அழுகையைப் பார்த்து, ஊர்க் கவலையில் அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன்.

தாசில்தார் ஒரு மணிக்கு வந்தார். அறுப்பு முடியும்வரை வேலை நடக்காது, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கற்கள் அப்படியேதான் நிற்கின்றன. "இன்னும் எத்தனை தடவை உக்காரணுமோ," என்று கலை பின்பக்கம் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே நடந்தாள். வீட்டை நெருங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்க்கா. தெரு பூரா எம் பொண்ணு மருந்து வருது, எம் பொண்ணு மருந்து வருதுன்னு சொல்லி வச்சிருக்கு."

கலையின் அம்மா அஞ்சம்மாளுக்கு இடது காலில் யானைக்கால். போன மாதம் நெறி கட்டிக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். இந்தக் காலை தினமும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து வைத்தால்தான் காய்ச்சல் வராமல் இருக்கும். அதற்குத்தான் கலை தங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பேசினில் தண்ணீர் ஊற்றி, சாயங்காலம் கொல்லையில் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தாள். நான் துண்டோடு பக்கத்தில்.

"அம்மா, அந்த மருந்து வராதும்மா," என்றாள் குனிந்தபடியே.

அஞ்சம்மாள் என்னைப் பார்த்தார். "இவ செஞ்சதுல தப்பாயிருச்சாம்மா?"

"இல்லம்மா. ரொம்ப நல்லா செஞ்சிருக்கா. புழுவக் கொல்லுது. ஆனா முழுங்கினா வயித்துல கரையாம அப்படியே வெளிய போயிரும்."

அஞ்சம்மாள் பேசினில் இருந்த காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வந்தாலும் எனக்கு ஆகாது. இந்த வீக்கம் எந்த மாத்திரைக்கும் வத்தாதுன்னு டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. புள்ள எனக்காக ராப்பகலா செய்யுதேன்னு நான் வாயத் தொறக்கல."

கலையின் சோப்புக் கை நின்றுவிட்டது. "எனக்கும் தெரியும்மா. நீ அவ்வளவு ஆசையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச, உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஒருவருக்காக ஒருவர் இத்தனை வருஷம் மூடி வைத்திருந்திருக்கிறார்கள். அம்மா முதலில் சிரித்தார், பிறகு மகள். நான் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அது காலுக்கு வைத்திருந்த துண்டு.

"தெக்குத் தெருவுல அந்தச் சின்னப் பொண்ணுக்கு இப்பத்தான் ரத்தத்துல புழு இருக்குன்னு சொல்லியிருக்காங்க," என்றார் அஞ்சம்மாள். "கால் லேசாக் கனக்குதாம். அதுக்காச்சும் ஆகும்ல? போயி வேலையப் பாரு."

கலை விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகக் கழுவினாள். நான் இந்தப் பயணமே வீண் என்று நினைக்கத் தொடங்கியபோது, நிமிராமலே கேட்டாள்: "அக்கா, அந்த மூலக்கூறுல இருக்கற வளையம் தட்டையா இருக்கறதாலதான ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கிக்கிட்டு இறுகிப்போவுது? அதக் கொஞ்சம் வளைச்சு விட்டா?"

"இறுகாதுன்னுதான் தோணுது. செஞ்சு குடு, அளந்து சொல்றேன்."

"மொதல்ல துண்டக் குடுங்கடி," என்றார் அஞ்சம்மாள். "ஈரம் நிக்குது."

போகிறவர்களுக்குச் சில யோசனைகள். பாசஞ்சரைத் தவறவிடாதீர்கள், காபியைக் கீழ்வேளூரிலும் குடிக்கலாம். கொசுவுக்கு எதிரான களிம்பு அவசியம், சாயங்காலம் முழுக்கை போடுங்கள். சுகாதாரத்துறையினர் யானைக்கால் மாத்திரை கொடுக்க வந்தால், ஊர்க்காரர்கள் தவிர்க்காமல் சாப்பிடுங்கள். மறியல் என்றால் சலித்துக்கொள்ளாமல் இறங்கி நடங்கள். கெட்ட செய்தியோடு போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டை அன்றைக்கே எடுத்து வைக்காதீர்கள். சொல்லிவிட்டு ஓடி வர வழி இருந்தால் நான் ஓடித்தான் வந்திருப்பேன், கொல்லையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டேன்.

கலை போன வியாழக்கிழமை வேலைக்கு வந்துவிட்டாள். அம்மா காலை யார் கழுவுகிறார்கள் என்று பயந்து பயந்து அஞ்சம்மாளுக்கு போன் செய்தேன்.

"தெக்குத் தெருப் பொண்ணு வந்துருதும்மா," என்றார். "எப்படிக் கழுவணும்னு இப்பயே பழகிக்கட்டும்னு நாந்தான் வரச் சொன்னேன். ஆளுக்கொரு பேசின் வச்சிக்கிட்டு எதிரெதிரா உக்காந்து ரெண்டு பேரும் கழுவறோம்."