வெயிலில் நீட்டிய கண்ணாடித் துண்டு

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை மாதத்து உச்சிவெயில். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரே, டீக்கடையோரம் கைப்பையை அணைத்தபடி நின்றிருந்தேன். பைக்குள் இருந்தது தீப்பெட்டி அளவுக் கண்ணாடித் துண்டு. திருவள்ளூரிலிருந்து பஸ் மாறி, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல அதைக் கொண்டுவந்திருந்தேன்.

நானும் என் தோழியும் திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தோம். சிலிக்கானுக்குப் பதிலாக, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருளைக் கண்ணாடியில் பூசிச் சூரிய மின்கலம் செய்வது எங்கள் வேலை. அந்தப் பூச்சுக்கும் மேலே வரும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய படலம் ஒன்று வேண்டும். கனமாகிவிட்டால் மின்சாரம் தடைபடும். ரொம்ப மெல்லிசானால் கசியும். சரியான அளவு பிடிபடாமல் அது எங்களைப் பாடாய்ப் படுத்தியது. காற்றும் ஈரமும் பட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்பதால், நைட்ரஜன் நிரப்பிய கண்ணாடிப் பெட்டிக்குள் ரப்பர் கையுறை வழியாகக் கையை நுழைத்துத்தான் வேலை. ஒரு ஜோடி உறை அவளுக்கு, இன்னொன்று எனக்கு. உள்ளே கை வேலை செய்யும், வெளியே வாய் ஓயாது.

அவள் பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பெண். அவளுடைய அப்பா படகில் வழுக்கி விழுந்து இடுப்பொடிந்த பிறகு, படிப்பை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியில் சேர்ந்தாள். அவள் போனபின், பெட்டிக்குள் இருக்கும் வாயுவின் அழுத்தத்தில் அவளுடைய கையுறைகள் என்னை நோக்கி நீட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கடைசியில் ஒருநாள் அளவு அமைந்துவிட்டது. மின்கலத்தின் திறன் நாங்கள் ஆசைப்பட்ட இடத்தைத் தாண்டியது. ஆய்வகத்தில் ஓர் இடமும் காலியாக இருந்தது. இதைக் கண்ணால் பார்த்தால் திரும்பி வந்துவிடுவாள் என்ற நம்பிக்கையில், காற்றுப் புகாதபடி ஒட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்திருந்தேன்.

சாப்பாட்டு இடைவேளையில் வெளியே வந்தாள்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

மின்கலத்தை, கூடவே கொண்டுவந்திருந்த சின்ன மீட்டரில் இணைத்து வெயிலில் நீட்டினேன். எண் ஏறியது. அவள் உள்ளங்கையால் மறைத்தாள், இறங்கியது. கையை எடுத்தாள், ஏறியது. சாப்பாட்டை மறந்து அதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள்.

"நடுவுல எவ்ளோ மெல்லிசா போட்ட?"

சொன்னேன். அப்புறம் கேள்விமேல் கேள்வி. கொஞ்ச நேரத்துக்கு அந்தப் பழைய வாயாடி எனக்குத் திரும்பக் கிடைத்தாள். அந்தத் தைரியத்தில் காலியிடத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் முகம் சட்டென்று அடங்கிவிட்டது.

"அப்பா இன்னும் கட்டில்லதான் இருக்குது. தங்கச்சி படிச்சிக்கினு இருக்கா. நான் வந்துட்டா ஊட்ட யாருடி பாக்கறது?"

அப்படியானால் இதையாவது நீ வைத்துக்கொள் என்று நீட்டினேன்.

"வேணாண்டி. ஊட்ல இருந்தா தெனம் வெயில்ல வெச்சிப் பாத்துக்கினே இருப்பேன். அப்புறம் இங்க மனசு நிக்காது."

சங்கு ஊதியது. அவளே அதைத் துணியில் சுற்றி என் பைக்குள் வைத்து, ஜிப்பை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன்.

பிடித்த வேலையைச் செய்யக் கிடைப்பது எத்தனை பெரிய கொடுப்பினை என்று அன்று புரிந்தது. இன்றும் மீட்டரில் எண் ஏறும்போதெல்லாம், "பாத்தியாடி" என்று பக்கத்தில் திரும்பிச் சொல்ல வாயெடுத்து, அப்புறம்தான் நிறுத்திக்கொள்கிறேன்.