வீட்டுக்காரர் கடிதம்

எங்கள் அண்ணிக்கு நாற்பத்தொரு வயதில் கல்லூரியில் கணக்குப் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்தது. அதில் வீட்டில் யாருக்கும் வயிற்றெரிச்சல் இல்லை. விண்ணப்பத்தில், காலை வகுப்பா, மதிய வகுப்பா என்று கேட்டிருந்த ஒரே ஒரு கட்டம்தான் வினையாகப் போயிற்று.

காலை என்றால் எட்டிலிருந்து பன்னிரண்டு. மதியம் என்றால் ஒன்றிலிருந்து ஐந்து. அண்ணி பேனாவை எடுத்ததும் காலையில் டிக் அடித்துவிட்டார்.

"நாலரைக்கு எந்திரிக்கிறவ நான். மதியம் போய் உக்காந்தா கண்ணு தானா சொருகிடும். காலையிலன்னா மண்டையில ஏறும்" என்றார்.

"அப்ப நானும் பிள்ளைங்களும் பட்டினியா கிளம்பறதா?" என்று அண்ணன் எகிறினான்.

அவனை மட்டும் சொல்வானேன்? நான் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். கல்யாணம், கத்தரிக்காய் எதுவும் இல்லாமல் அண்ணன் வீட்டோடு இருக்கிறவள். எட்டேகாலுக்கு என் சாப்பாட்டு டப்பா கையில் இருக்க வேண்டும். அது தானாக நிரம்புவதில்லை. "மதியம்னா என்ன அண்ணி, வேலையெல்லாம் முடிச்சிட்டு நிம்மதியா போயிட்டு வரலாமே" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அண்ணி காலையைக் கோடு போட்டு அடித்துவிட்டு மதியத்தில் டிக் போட்டார். பக்கத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். 'வீட்டு வேலை' என்று எழுதினார்.

கல்லூரி அலுவலகத்துக்குத் துணையாக நானும் போனேன். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விண்ணப்பத்தைப் படித்தார்.

"எத்தனை வீட்ல வேலை பாக்கறீங்கம்மா?"

அண்ணி முழித்தார். "ஒரு வீடுதான் சார்."

"வேலைக்குப் போறவங்களுக்குத்தான் மதிய வகுப்புல முதல்ல இடம். வீட்டுக்காரர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வந்துடுங்க. எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க, எத்தனை மணிக்கு விடுவாங்க, எல்லாம் தெளிவா இருக்கணும்."

அவர் கேட்டது அண்ணி வேலை பார்க்கிற வீட்டின் சொந்தக்காரரை. அண்ணி புரிந்துகொண்டது புருஷனை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பு வேறு பொத்துக்கொண்டு வந்தது. அங்கேயே எடுத்துச் சொல்லியிருக்கலாம். வேடிக்கை பார்க்கிற புத்தி, எங்கே போகும்?

அண்ணனுக்கு ஆபீஸில் நாள் முழுக்கக் கடிதம் எழுதுவதுதான் பிழைப்பு. மனைவி என்று எழுதக்கூட அவன் கைக்கு வரவில்லை. 'மேற்படி விண்ணப்பதாரர் கடந்த பதினெட்டு ஆண்டுகளாக எனது வீட்டு வேலைகளைக் கவனித்து வருகிறார். காலை நாலரை முதல் பகல் பன்னிரண்டரை வரையிலும், மாலை ஐந்தரை முதல் இரவு பத்தரை வரையிலும் இவர் வீட்டில் இருப்பது அவசியம். இடைப்பட்ட நேரத்தில் வகுப்புக்குச் செல்ல எனக்கு ஆட்சேபணை இல்லை.' அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கிளார்க் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். "நல்ல வீடும்மா. இவ்வளவு தெளிவா யாரும் எழுதித் தர மாட்டாங்க. வார லீவு எந்த நாள்னுதான் போடல."

அண்ணிக்கு அப்போதுதான் உறைத்தது. கடிதத்தைத் திருப்பி வாங்கி முதலிலிருந்து படித்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இவர் என் புருஷன் சார் என்று சொல்வார் என நினைத்தேன். சொல்லவில்லை.

"லீவு கிடையாது சார்" என்றார்.

முத்திரை விழுந்தது.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து தூங்கி விழுந்தார். முதலில் எழுப்பிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். வருஷக் கடைசியில் நாலு பேப்பரில் இரண்டு போயிற்று. "படிக்கணும்னு அக்கறை இருந்தா தூக்கம் வருமா?" என்றான் அண்ணன், தட்டை நகர்த்தியபடியே. பாவி! அந்தத் தட்டை எடுத்துக் கழுவப் போனதும் அண்ணிதான்.

மறுவருஷம் காலை வகுப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார் கிளார்க். புதுக் கடிதம் வேண்டும், வீட்டில் பெரியவர்கள் யார் கையெழுத்துப் போட்டாலும் போதும் என்றாராம். அண்ணி இந்தத் தடவை தானே எழுதினார். 'மேற்படி விண்ணப்பதாரரைக் காலை ஏழரை முதல் பகல் பன்னிரண்டரை வரை விடுவிக்கிறேன்.' அதை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார்.

"அவர் போட மாட்டார். நீயும் இந்த வீட்டு ஆளுதானே, ஒரு கையெழுத்துப் போடும்மா."

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தேன்.

"உன் டப்பாவ ராத்திரியே கட்டி வச்சிடறேன்."

"ஆறிப்போயிடுமே அண்ணி."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் பேனாவை எடுக்கவில்லை. அண்ணி தாளை மடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். கல்லூரிக்கு அதன்பிறகு போகவே இல்லை.

மறுநாள் கடையில் என் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். எண்ணெய் கசியாமல் இருக்க, டப்பாவுக்கு அடியில் ஒரு தாளை நாலாக மடித்து வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தேன். அந்தக் கடிதம்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது.

சாப்பாட்டில் சூடு குறையவில்லை. ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.